மண் மிதிக்காத பிள்ளை

சத்துவாச்சாரி
4-6-1928

மாமாவுக்குப் பட்டம்மாள் வணங்கி எழுதுவது.

நலம் விசாரித்து எழுதுகிற நிலையில் நான் இல்லை. போன வருஷத்துக் காய்ச்சலுக்குப் பிறகு வேலுவுக்கு வலது கால் துவண்டு போனதும், அவன் நடக்காமல் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். டவுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா தினமும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் காலை நீவிவிடுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் ரோட்டில் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. தினமும் ஜட்கா வைக்க எங்களுக்கு ஏது வழி? அதனால் பழைய புடவையைத் தோளுக்குக் குறுக்கே கட்டி, அதில் அவனை உட்கார வைத்து முதுகில் சுமந்து போகிறேன்.

பிள்ளையின் கனம் எனக்குப் பெரிதில்லை மாமா. ஊர் வாயின் கனம்தான் தாங்கவில்லை.

கிணற்றடியில், "இன்னாடி பட்டு, மீசை மொளைக்கிற வரைக்கும் இப்படித்தானா? மணவறையிலயும் உன் முதுகுலதான் ஒக்காருவானா?" என்கிறார்கள். காய்க்கடைக்காரர், "கால்ல ஒண்ணும் இல்ல, ஜாஸ்தி செல்லம் குடுத்துக் கெடுத்துட்டா" என்று எனக்குக் கேட்கும்படியே சொல்கிறார். முந்தாநாள் மார்க்கெட் முனையில் ஓர் அம்மாள் என்னைப் பிச்சைக்காரி என்று நினைத்து, வேலுவின் மடியில் காலணாவைப் போட்டுவிட்டுப் போனாள். அவன் அதைக் கையில் மூடிக்கொண்டு, "ஏம்மா குடுத்தாங்க?" என்று வீடு வரும்வரை கேட்டான்.

அது என் மாமியார் காதுக்கும் போய்விட்டது. "எங்க வீட்டு மானம் காலணாவுக்குப் போச்சு. இனிமே அந்த மூட்டையோட வாசப்படி தாண்டினே, திரும்ப உள்ள வராதே" என்கிறார்கள். இவர், "அம்மா சொல்றதையும் கொஞ்சம் யோசி" என்று சொல்லிவிட்டுக் காட்பாடி கூட்ஸ் ஷெட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

நேற்று நடுரோட்டில் புடவை கிழிந்தது. சட்டைக் காலரைப் பிடித்துத்தான் பிள்ளையைக் காப்பாற்றினேன். கிழியாத ஒன்று எனக்கு வேண்டும். நீங்கள் தோலிலேயே புழங்குகிறவர். உறுதியான பட்டை ஒன்று செய்து அனுப்புங்கள். அதற்கு மேல் ஏதும் வேண்டாம். முக்கியமாக, உங்கள் கதைகள் வேண்டாம்.

பட்டம்மாள்

*

ஆம்பூர்
9-6-1928

வட ஆற்காடு ஜில்லாவின் வாய்கள் அத்தனையையும் தனியொருத்தியாக எதிர்த்து நிற்கும் வீரமாதா பட்டம்மாளுக்கு, ஆவாரம்பட்டைக் கடலின் அதிபதியும், சுண்ணாம்புத் தொட்டிகளின் ஏகச் சக்கரவர்த்தியும், தோல் பதனிடும் ஷாப்பு மேஸ்திரியும், உன்னைப் பெற்றவளின் ஒரே தம்பியுமாகிய கன்னியப்பன் பிறப்பிக்கும் திருமுகம் யாதெனில்:

உன் கடிதத்தைப் படித்து நான் விட்ட பெருமூச்சில் ஷாப்பில் காயப்போட்டிருந்த தோல் முழுவதும் பறந்துபோய் மாதனூர் வயலில் விழுந்தது. உழுதுகொண்டிருந்தவர்கள் வானத்திலிருந்து ஆடு பெய்கிறது என்று ஏர்களை விட்டுவிட்டு ஓடினார்கள். இன்னும் வீடு திரும்பவில்லை என்று கேள்வி.

அந்தக் காலணாவைப் பற்றியும் இதுபோல ஏதாவது எழுதலாம் என்று பேனாவைத் தொட்டேன். வரவில்லை. விடு.

என் தோஸ்த் ஷபீ அஹமதுவை உனக்கு ஞாபகம் இருக்கும். குதிரைச் சேணம் தைக்கிறவன். விஷயத்தைச் சொன்னேன். "பையன் எம்மாங் கனம் இருப்பான்?" என்றான். யானைக் குட்டியைவிடக் கொஞ்சம் கம்மி என்றேன். அவன் என்னை நம்பாதவன். இருந்தாலும் அந்தக் கணக்குக்கே தைத்துவிட்டான். தோளுக்கு எருமைத்தோல் பட்டை, பிள்ளை உட்கார மெத்தென்று வெள்ளாட்டுத்தோல். இதில் வேலூர்க் கோட்டையைக் கட்டித் தூக்கினால் அகழித் தண்ணீர் சிந்தாமல் கூடவே வரும்.

தபாலில் அனுப்பமாட்டேன். நானே எழுந்தருளுகிறேன். கதை வேண்டாம் என்கிறாய். பட்டை பிள்ளையைத் தாங்கும், சரி. அந்த வாய்களை எது தாங்கும்? அதை என்னிடம் விடு. ஒரே ஒரு வார்த்தையில் வேலூரை வாயடைத்துக் காட்டுகிறேன். உன் மாமியார் கெங்கம்மாள் மகாராணியே உனக்குக் குடை பிடித்து வருவாள், பார்.

சக்கரவர்த்தி கன்னியப்பன்

*

சத்துவாச்சாரி
5-7-1928

மாமாவுக்கு,

நீங்கள் வந்து போன பிறகு நான் ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சந்தோஷமாக இருந்தேன். அதனால்தான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மார்க்கெட் முனையில் வேலுவை முதுகில் கட்டிக்கொண்டு, கல்லுரலின் மேல் ஏறி நின்று நீங்கள் செய்த பிரசங்கத்தை மறந்திருக்கமாட்டீர்கள். "வள்ளிமலை முருகனுக்கு வேண்டுதல்! ஏழு வயசு நெறையற வரைக்கும் இந்தப் புள்ளையோட பாதம் மண்ணுல படக்கூடாது! சாமி சொத்தைச் சொமக்கறோம், வழி வுடுங்க!" என்றீர்கள். எல்லாரும் வழி விட்டார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பங்கு என்னுடையது.

நீங்கள் சொன்னபடியே எல்லா வாயும் அடைத்தது. கிணற்றடியில் எனக்கு முதல் குடம் விட்டார்கள். காலணா போட்ட அதே அம்மாள் வேலுவின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தோல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அத்தை உங்கள் பட்டையை வாசல் முருங்கை மரத்தில் மாட்டச் சொன்னார்கள் அல்லவா? இப்போது அது சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. குங்குமம் வைத்திருக்கிறார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இம்மாம் பெரிய வேண்டுதலை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடி?" என்று அழுதார்கள். கல்யாணமாகி வந்த நாளாக அவர்கள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. எப்படி மாமா உண்மையைச் சொல்வேன்?

இப்போது யாராவது எதிரே வந்தால் வேலு தானாகவே பாதத்தை நீட்டுகிறான். 

போன வாரம் டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள்: "தூக்கியது போதும். இனிமேல் தினமும் வெறுங்காலோடு தரையில் நிற்க வேண்டும். முழங்கால் மடங்கி இறுக ஆரம்பித்துவிட்டது. மழைக்காலம் முடிவதற்குள் நிமிராவிட்டால் அப்புறம் நிமிரவே நிமிராது." வேலுவுக்கு ஏழு வயது நிறைவது மாசியில்.

அத்தை இப்போது ஆஸ்பத்திரிக்கும் கூடவே வருகிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, காலை நீவுவதை வைத்த கண் வாங்காமல் பார்க்கிறார்கள். தரையில் நிறுத்தப் போனால் மட்டும் எழுந்து வந்து பிள்ளையைக் கட்டிக்கொள்கிறார்கள்.

நீங்கள் கட்டிய கதையை நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும். உடனே புறப்பட்டு வாருங்கள்.

பட்டம்மாள்

*

ஆம்பூர்
10-7-1928

சிரஞ்சீவி பட்டம்மாளுக்குச் சக்கரவர்த்தியின் அவசர ஆலோசனை.

உடனே புறப்பட நான் என்ன சும்மாவா இருக்கிறேன்? இங்கே ஷாப்பில் ஏற்றுமதி வேலை. நான் ஒரு நாள் வராவிட்டால் சீமையில் ராஜாவின் பூட்ஸுக்குத் தோல் கிடைக்காது, அவர் வெறுங்காலோடு தர்பாருக்குப் போவார், சாம்ராஜ்யம் கவிழும்.

அதனால் யோசனையாகவே அனுப்புகிறேன். மண்ணில்தானே பாதம் படக்கூடாது? பலகையில் நிறுத்து! பலகை மண்ணா? அதுவும் செல்லாவிட்டால் இரண்டாவது அஸ்திரம். எனக்கு முருகன் கனவில் வந்ததாகக் கடிதம் எழுதுகிறேன். மயில் மேல் வந்தார், ஷாப்பு நாற்றம் தாங்காமல் மயில் தும்மியது, "கன்னியப்பா, ஏழு வயதை ஆறாகக் கம்மி பண்ணிவிட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் போய்விட்டார். நீ அதை உன் மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டு.

என்னடா இவன் நேரில் வராமல் மழுப்புகிறான் என்று உனக்குத் தோன்றும். பட்டு, ஆடு பெய்தது என்று நான் சொன்னால் ஷாப்பே சிரிக்கும். சாமி பேரில் பொய் சொன்னான் என்று தெரிந்தால் ஒருத்தனும் சிரிக்கமாட்டான். அதைத்தான் யோசிக்கிறேன். கொஞ்சம் பொறு.

கன்னியப்பன்

*

சத்துவாச்சாரி
19-7-1928

மாமாவுக்கு,

பலகையில் நிறுத்தினேன். அத்தை, "பலகை இன்னா ஆகாசத்துலயா கீது? மண்ணு மேலதான கீது?" என்று பிடுங்கிக் கொல்லையில் எறிந்தார்கள். அன்றைக்கே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை சரிந்து இவர் கால் கட்டைவிரல் நசுங்கியது. அவ்வளவுதான். வேண்டுதலை முறிக்கப் பார்த்தேன், சாமி புருஷன் காலில் கை வைத்துவிட்டது என்று தெரு முழுக்கப் பேச்சு.

நேற்று தெருக்காரர்கள் நாலைந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள். "இது உங்க வூட்டு விஷயம் மட்டும் இல்ல. வேண்டுதல் முறிஞ்சு தெருவுக்கு அம்மை வந்துதுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்று இவரிடம் சொன்னார்கள். இவர் கட்டுப் போட்ட காலோடு தலையாட்டினார். இப்போது நான் கொல்லைக்குப் போனாலும் அடுத்த வீட்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிகிறது. தூக்கினதுக்கு ஏசினவர்கள்தான் இன்று இறக்கிவிடாதே என்று காவல் இருக்கிறார்கள்.

வேலுவின் முழங்கால் போன வாரம் என் கைக்கு நிமிர்ந்த அளவுக்கு இந்த வாரம் நிமிரவில்லை.

கனவு, மயில் எதுவும் வேண்டாம். இன்னொரு பொய்யை அத்தைக்கு நான் படித்துக் காட்டமாட்டேன். நீங்கள் வந்து, சொன்ன இடத்திலேயே நின்று, பொய் என்று சொல்ல வேண்டும். வராவிட்டால் எனக்கு மாமன் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

பட்டம்மாள்

*

ஆம்பூர்
30-7-1928

பட்டு,

மார்க்கெட் முனையில் நான் சொன்னதை நீயும் கேட்டாய். ஆனால் அதற்குப் பிறகு உன்னோடு பேச முடியவில்லை. உன் முகத்தைப் பார்க்காமல் கடைசி ரயிலுக்கு ஓடிவந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

அதே கல்லுரலின் மேல்தான் ஏறினேன். "வேண்டுதலும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் புளுகினேன். பிள்ளைக்குக் கால் விளங்கவில்லை, அதனால் தூக்கிப் போனோம், அவ்வளவுதான்" என்றேன். ஜோடனை இல்லாமல் நாலு வாக்கியம் நான் சேர்ந்தாற்போலப் பேசியது அதுதான் முதல் தடவை. நாக்கு புதுச் செருப்பு மாதிரி கடித்தது.

ஒருவரும் நம்பவில்லை.

காய்க்கடைக்காரர் சொன்னதை நீ கேட்டாய் அல்லவா? "ஆம்பூர்க்காரரே, போன தடவ நீ சொன்னதுதான் நெஜம் மாதிரி இருந்தது. இது நல்லா இல்ல." இன்னொருவன், "அக்கா மவ அழுதான்னு சாமியையே மாத்திப் பேசறான் பார்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் எத்தனையோ கூட்டத்தைச் சிரிக்க வைத்திருக்கிறேன், பட்டு. அந்தச் சிரிப்பு மாதிரி ஒன்றைக் கேட்டதில்லை.

உன் மாமியாரிடம் தனியாகவும் சொன்னேன். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பொய்யாவே இருக்கட்டும் தம்பி. பொய்யா வேண்டிக்கினாலும் சாமி காதுல உழுந்துட்டுது இல்ல? ஒரே பேரன். நான் எந்தத் தைரியத்துல எறக்கறது?" என்றார்கள்.  இதுவரை அந்த அம்மாளை நான் மகாராணி, மகாராணி என்று கேலி செய்ததெல்லாம் என் நெஞ்சில் வந்து நின்றது.

ரயிலுக்குக் கிளம்புமுன் வேலுவைக் கொஞ்ச நேரம் சுமந்தேன் அல்லவா? அப்போது என் காதில் கேட்டான்: "தாத்தா, தரை சில்லுன்னு இருக்குமா, சுடுமா? எனக்கு மறந்துபோச்சு."

எதைக் கேட்டாலும் எனக்குப் பதில் வரும். சந்திரனில் யார் ஷாப்பு வைத்திருக்கிறான் என்று கேட்டால் அவன் பெயரும் ஊரும் சொல்வேன். இதற்கு ஒன்றும் வரவில்லை. 

என்னிடம் இனி யோசனை எதுவும் இல்லை. இங்கே ஷாப்பில் ஷபீ அஹமதுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனும் சிரிக்கவில்லை. "நான் தைச்சது தூக்கிப் போறதுக்கு. கட்டிப் போடறதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல். செய்கிறேன்.

கன்னியப்பன்

*

சத்துவாச்சாரி
12-8-1928

மாமாவுக்குப் பட்டம்மாள் எழுதுவது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

முந்தாநாள் ஆடி வெள்ளி. அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் மார்க்கெட் முனையில் நின்றது. வேலு என் முதுகில் இருந்தான். அத்தை பின்னாலேயே வந்தார்கள். அந்தக் காலணா அம்மாள் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு வந்து, வேலுவின் பாதத்தைக் கழுவ வேண்டும் என்றாள். அவன் வழக்கம்போல் நீட்டினான். இடது கால் வந்தது. வலது கால் நீளவில்லை. கையால் பிடித்து இழுத்து நீட்டப் பார்த்தான் மாமா. அப்போதும் நீளவில்லை.

எனக்கு அதற்கு மேல் எந்த யோசனையும் ஓடவில்லை. அந்தக் காலணாவை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன், எதற்கென்று தெரியாமலே. அதை அவிழ்த்து அந்த அம்மாள் கையில் வைத்து, "இந்தாங்க, அன்னிக்கு நீங்க போட்டது. எம்புள்ள பிச்சைக்காரனும் இல்ல, சாமியும் இல்ல" என்றேன். பிறகு பட்டையின் வாரை அவிழ்த்தேன்.

கூட்டம் என்ன நடக்கப்போகிறது என்று புரிந்துகொண்டு கத்தியது. "வேணாம் பட்டு!" "தெருவே நாசமாப் பூடும்!" ஒருத்தி என் கையைப் பிடித்தாள். உதறினேன். "எந்தச் சாமிகிட்டயும் நான் வேண்டிக்கல. வேண்டிக்கினதா நீங்க நெனச்சா, முறிக்கறது நான். வர்ற பாவம் எம்பேர்ல வரட்டும்" என்று சொல்லி அவனை இறக்கிவிட்டேன்.

எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள். எங்களைச் சுற்றி வெறும் தரை. வேலு என் புடவையைப் பிடித்துக்கொண்டு ஆடினான். இடது காலில் நின்றான். வலது முட்டி மடங்கிக்கொண்டே வந்தது. நான் தோளைத் தாங்கினால் முட்டி மடங்குகிறது, முட்டியைப் பிடிக்கக் குனிந்தால் பிள்ளை சாய்கிறான். எனக்கு இன்னொரு ஜோடிக் கை இல்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு கை நீளவில்லை.

அத்தை ஓடிவந்தார்கள். தூக்கிவிடப்போகிறார்கள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர்கள் அப்படியே நடுரோட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். ஒரு உள்ளங்கையை முட்டியின் மேல் வைத்து, மறு கையைக் குதிகாலுக்குப் பின்னால் கொடுத்து, அழுத்தாமல் அழுத்திப் பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிடிக்கிற மாதிரியே. ஒரு விரல் பிசகவில்லை. இத்தனை நாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிள்ளை நின்றான்.

அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார்கள். பிறகு கண் திறந்து கூட்டத்தைப் பார்த்து, "இன்னா வேடிக்கை? தூக்கினாலும் பேசுவீங்க, எறக்கினாலும் பேசுவீங்க. போங்கடி, போய் சாமியைக் கும்புடுங்க" என்றார்கள்.  முட்டியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நானும் உங்களைப் போலப் புளுகினவள் ஆவேன். கிணற்றடியில் நான் போனால் எல்லாரும் குடத்தை எடுத்துக்கொண்டு விலகுகிறார்கள். தெருவில் யாருக்காவது நாளைக்கு உடம்பு சுட்டால் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். இவர் என்னோடு பேசுகிறார், ஆனால் என்ன பேசுவது என்று தெரியாமல் பேசுகிறார். அத்தை என்னோடு பேசுவதே இல்லை. காலையில் கொல்லையில் ஒரு பிடி விபூதியைத் தரையில் தூவிவிட்டு, அதன் மேல் வேலுவை நிறுத்தி, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். சாமிக்கும் டாக்டரம்மாவுக்கும் நடுவில் அவர்கள் செய்துகொண்ட சமரசம் அது. நான் குறுக்கே போவதில்லை.

வேலு தாத்தாவுக்கு எழுதச் சொன்னான்: தரை சுடுகிறதாம். கால் விரல்களை மடக்கி மடக்கி வைத்தான். வா, தூக்கிக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டான்.

இனி உங்கள் வேலை. பட்டையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். குங்குமம் இன்னும் போகவில்லை, அப்படியே இருக்கட்டும். ஷபீ அஹமது பாயிடம் கொடுத்து, தையலைப் பிரித்து, அந்தத் தோலிலேயே வேலுவுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் தைக்கச் சொல்லுங்கள். முட்டி மடங்காமல் பிடிக்கிற மாதிரி வலது பூட்ஸில் மேலே வரைக்கும் வார் வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள். அளவுக்காக இந்தக் காகிதத்தின் பின்பக்கம் அவனை நிற்க வைத்துப் பென்சிலால் இரண்டு பாதத்தையும் சுற்றி வரைந்திருக்கிறேன்.

இடது பாதம் முழுதாக இருக்கிறது. வலதில் விரல்கள் மட்டும்தான் காகிதத்தைத் தொட்டன. அந்த அளவைப் பார்த்துவிட்டுப் பாய் குட்டையாகத் தைத்துவிடப்போகிறார். குதிகாலுக்கு இடம் விட்டே தைக்கச் சொல்லுங்கள். அது இறங்கும்.

பட்டம்மாள்